எட்டு மார்க்கும் ஏழரை மார்க்கும்

'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று கோர்ட்டுக்கு ஓடுவது இவர்களுக்குப் புதிதல்ல. 1951இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவை உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 1996இல், எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்களுக்குப் பதவி உயர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தளர்த்தக்கூடாது என்றது அதே நீதிமன்றம். அதைச் சரிசெய்ய 82ஆவது திருத்தம் வருவதற்குள் 2000 ஆகிவிட்டது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவில் கழிந்துபோன நம்ம சனங்களின் வயசுக்கு எவன் நட்டஈடு கொடுத்தான்?

தோழர்களே, நம் கண்முன் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தேர்வுக்கு மொத்தம் 150 மார்க். தேர்ச்சி பெற 90. ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு இதைத் தளர்த்தலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமே 2011இல் எழுதி வைத்திருந்தது. தமிழக அரசுக்கு அது கண்ணில் பட மூன்று வருஷம் ஆனது. 2014 பிப்ரவரி 6இல் அரசாணை 25 வந்தது: 90 என்பது 82 ஆனது. 2013 ஆகஸ்டில் தேர்வு எழுதியவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள். எட்டே எட்டு மார்க். அதுவும் வேலை அல்ல, வேலைக்கான வரிசையில் நிற்க அனுமதி. அதற்கே 'ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றலாமா' என்று வழக்கு. 2014 செப்டம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அரசாணையை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொன்னது 2016 நவம்பர் 9இல்.

இது பேசப்பட்ட கதை. பேசப்படாத கதை, அதே ஆட்சி அதே வருஷம் மே 30இல் போட்ட அரசாணை 71. முந்தைய 'வெயிட்டேஜ்' முறையை ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ததால் வந்த புதுக்கணக்கு அது. பட்டதாரி ஆசிரியர் வேலைக்குத் தகுதித் தேர்வு 60, பிளஸ் டூ 10, டிகிரி 15, பி.எட். 15. ஆக நூற்றுக்கு நாற்பது, என்றோ வாங்கிய மார்க்குக்கு.

வங்கியில் வட்டிக்கணக்குப் போடுகிறவன் நான். இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம். 150ஐ 60ஆகச் சுருக்கினால் தகுதித் தேர்வின் ஒரு மார்க்குக்கு மதிப்பு 0.4. பிளஸ் டூவில் 90 சதவீதம் வாங்கியவருக்கு 9. 60 சதவீதம் வாங்கியவருக்கு 6. இடைவெளி 3. இந்த மூன்றை ஈடுகட்ட தகுதித் தேர்வில் ஏழரை மார்க் கூடுதலாக எடுக்கணும். டிகிரி, பி.எட்.டிலும் இதே இடைவெளி இருந்தால் முப்பது மார்க்!

அந்த 60 சதவீதம் யாருடையது? நெய்வேலியில் நின்று பாருங்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் டியூஷனோடு படித்த பிள்ளை ஒரு பக்கம். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலிக்குப் போகிறவரின் மகள், லீவு நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே பிளஸ் டூ முடித்தவள், இன்னொரு பக்கம். பதினேழு வயசில் அவள் வாங்கிய மார்க், முப்பத்தைந்து வயசிலும் கடன் பாக்கி மாதிரி அவளைத் துரத்துகிறது. அவளுக்குக் கொடுத்த எட்டு மார்க்குக்குப் பெயர் 'சலுகை', 'தரக்குறைவு'. அவனுக்குப் போகும் ஏழரை மார்க்குக்குப் பெயர் 'தகுதி'. தகுதியாம், திறமையாம்! நமக்குப் பிடித்த ஏழரை இதுதான்.

2016 தீர்ப்பு இரண்டு அரசாணைகளையும் ஒரே நாளில் செல்லும் என்றது. கொடுத்ததும் செல்லும், பிடுங்கியதும் செல்லும். நாம் எட்டு மார்க்குக்காகக் கை தட்டினோம்.

இன்னொன்றையும் கேட்கணும். அந்த அரசாணை 25, தலித்துக்கும் ஊரில் நிலமும் பஞ்சாயத்தும் வைத்திருக்கிற சாதிக்கும் ஒரே 55 சதவீதத்தை வைத்தது. ஆந்திரத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 என்று அன்றைக்கே பிரித்திருந்தார்கள். சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களுக்குச் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஏன் தெரியாமல் போனது?

2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது. வெயிட்டேஜ் ஒழிந்தது. பாஸ் செய்து காத்திருந்தவர்கள் மறுபடியும் ஒரு போட்டித் தேர்வு எழுதணும் என்றார்கள். ஐந்து வருஷத்தில் எத்தனை விதி! 'ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றலாமா' என்று கேட்டவர்கள், 2013இல் பாஸ் செய்த தலித் பட்டதாரிக்காக அதே கேள்வியைக் கேட்டார்களா?

மார்க் வானத்திலிருந்து விழுவதில்லை. எதை எத்தனையால் பெருக்குவது, எதை எத்தனையால் வகுப்பது என்று ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் முடிவு செய்கிறார்கள். அந்த அறைக்குள் நாம் இல்லை. அரசாணை வந்த பிறகு கோர்ட் வாசலில் நிற்கிறோம், அதுவும் பெரும்பாலும் எதிர்வாதியாக.

ஆகவே நமது கோரிக்கைகள்: எந்த வேலைக்கும் மதிப்பெண் கணக்கிடும் முறை, தேர்வு அறிவிப்புக்கு முன்பே வெளிவரவேண்டும். அந்த முறையால் எந்தச் சாதிப் பிரிவு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற பட்டியலும் கூடவே வரவேண்டும். நிரப்பாமல் கிடக்கும் எஸ்.சி., எஸ்.டி. இடங்களைத் துறைவாரியாக வெளியிடவேண்டும். வழக்கில் காலம் போனால், போன காலத்தை வயது வரம்பில் திருப்பித் தரவேண்டும்.

மாணவத் தோழர்கள் அடுத்த அரசாணையை வாங்கியதும் பேப்பரும் பேனாவும் எடுத்து, நான் மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். வக்கீலிடம் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.