தோட்டத்துப் பாட்டு மேடை ஏறட்டும்

அயர்லாந்தின் 'வுல்ஃப் டோன்ஸ்' இசைக்குழு 1963-இல் டப்ளினில் தோன்றியது. 1798-இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்த புரட்சித் தலைவர் வுல்ஃப் டோனின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். நாட்டுப்புறக் கதைப்பாடல்களையும் கிளர்ச்சிப் பாடல்களையும் அறுபது ஆண்டுகளாகப் பாடினர். அப்பாடல்களைச் சுற்றிச் சர்ச்சை ஓய்ந்ததில்லை. ஆயினும், 2023-இல் 'எலக்ட்ரிக் பிக்னிக்' இசைவிழாவில் அவர்கள் பாடிய கூடாரம், பேரப்பிள்ளைகள் வயதுடைய இளைஞர்களால் நிரம்பி வழிந்தது.

நமக்கு இத்தகைய பாடல்கள் இல்லையா? உண்டு. கப்பலேறி வந்த துயரம், கங்காணியின் கெடுபிடி, கைக்கு எட்டாத சம்பளம் என்று தேயிலைக் காட்டிலும் பால்மரக் காட்டிலும் பிறந்தவை ஏராளம். இலங்கை மலையகத்தில் மீனாட்சி அம்மாள் நடேசய்யர், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் உரிமைப் பாடல்கள் எழுதி, தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். 1940-இல் அவை நூலாகவும் வந்தன. சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தார். மலேசியாவிலும் தொகுப்புகள் உண்டு. ஆனால், நூல் சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்குமா?

நான் வளர்ந்த தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன. வேலை செய்வோரில் பலர் வெளிநாட்டவர். ஒருத்தி பாட்டெடுக்க, நிரையில் நிற்போர் சேர்ந்து பாடும் சூழல் மறைந்துவிட்டது. வேலைக்களத்தை இழந்த பாட்டுக்கு இனி மேடைதான் வீடு.

"பட்டம் படிக்க வந்த நாம் தோட்டத்துப் பாட்டைப் பாடுவதா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். மானத்தைக் கேட்டுப் போராடியவர்களின் பாட்டில் இழிவு ஏது?

நம் கலை இரவுகளில் திரைப்பாடலும் நடனமும் இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு கால்மணி நேரம் தோட்டத்துப் பாட்டுக்கும் ஒதுக்குவோம். தாலாட்டை மட்டும் பொறுக்கி எடுக்காமல், கங்காணியை ஏசும் பாட்டையும் துணிந்து பாடுவோம். முன்னாள் மாணவர்களே, உங்களில் லயத்தில் வளர்ந்தவர்களிடம் மெட்டு இன்னும் இருக்கிறது. எங்களுக்குப் பாடிக் காட்டுங்கள். தம்பி தங்கைகளே, அடுத்த விடுமுறையில் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.