விறகு பிளக்கும் எந்திரம்: வீட்டுக்கு ஒன்று தேவையா?

விவசாயக் கண்காட்சிகளில் இப்போது விறகு பிளக்கும் எந்திரங்கள் வைக்கப்படுகின்றன. விற்பவர் ஒரு கட்டையை எந்திரத்தில் வைத்து விசையைத் தள்ளுகிறார். கட்டை இரண்டாகப் பிளந்து விழுகிறது. சுற்றி நிற்பவர்களுக்கு ஆசை பிறக்கிறது. ஆனால் பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் சிறு விவசாயி நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் பணம் போவது மட்டுமல்ல, விரலும் போகக்கூடும்.

எரிவாயு அடுப்பு வந்த பிறகு விறகுப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் ஏழை வீடுகளுக்கும் எரிவாயு இணைப்பு கிடைத்தது உண்மையே. ஆயினும் வெந்நீர் காய்ச்ச, நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி வைக்க, விசேஷ நாட்களில் பெரிய சமையல் செய்ய இன்னமும் விறகுதான் கைகொடுக்கிறது. அடுத்த சிலிண்டருக்குப் பணம் புரளாத வாரத்தில் அன்றாடச் சமையலும் விறகில்தான் நடக்கிறது.

தேவை எவ்வளவு?

ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ விறகு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,825 கிலோ ஆகிறது. இதில் பாதி, பிளக்க வேண்டிய அவசியமே இல்லாதது. பருத்தி மிளாறு, துவரை மிளாறு, தென்னை மட்டை, பாளை, கைப்பருமனுள்ள கருவேலங்கிளை ஆகியவற்றை ஒடித்தோ நறுக்கியோ அடுப்பில் வைத்துவிடலாம். பிளக்க வேண்டியது சுமார் 1 டன்தான். பழகிய ஆள் ஒருவர் கோடாலியால் நாளைக்கு 250 கிலோ பிளந்தால், 4 நாளில் வேலை முடிந்துவிடும். கூலி நாளைக்கு 800 ரூபாய் என்றால் செலவு 3,200 ரூபாய்.

இனி எந்திரத்தின் கணக்கு. விலை 40,000 ரூபாய், ஆயுள் 10 ஆண்டு என்று கொண்டால் ஆண்டுக்கு 4,000 ரூபாய் தேய்மானம். எண்ணெய், மின்சாரம், பழுது ஆகியவற்றுக்கு 1,000 ரூபாய். எந்திரம் தானாக வேலை செய்யாது; கட்டையை எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். ஒரே நாளில் 1 டன் முடிந்தாலும் அவருக்கு 800 ரூபாய். ஆக மொத்தம் 5,800 ரூபாய். நகையை அடகு வைத்து வாங்கியிருந்தால் வட்டி வேறு. ஒரு வீட்டு விறகுக்காக எந்திரம் வாங்குவது நட்டமே.

மேலே கண்ட விலையும் கூலியும் உதாரணத்துக்குச் சொன்னவை. அவரவர் ஊர்க் கூலியையும் கடை விலையையும் வைத்து இதே முறையில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மரத்துக்கு ஏற்ற முறை

எல்லா மரமும் ஒரே மாதிரி பிளக்காது. நார் நேராக ஓடும் கட்டை ஒரே அடியில் பிளக்கும். நார் பின்னிக்கொண்டிருக்கும் மரம் கோடாலியைப் பிடித்துக்கொள்ளும். இறைச்சிக் கடைகளில் புளியங்கட்டையை அடிக்கட்டையாகப் போடுவதற்குக் காரணமே அது எளிதில் பிளவுபடாது என்பதுதான். சீமைக் கருவேலில் கோணலும் கணுவும் அதிகம். கண்காட்சியில் காட்டப்படும் நேரான, கணுவில்லாத கட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் வீட்டில் கிடக்கும் கோணல் கட்டை ஒன்றைக் கொண்டுபோய், "இதைப் பிளந்து காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை.

வெட்டிய மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். வைரம் பாய்ந்த மரம் காய்ந்து இறுகிவிட்டால் ஆளுக்கும் கஷ்டம், கருவிக்கும் கஷ்டம். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கலாம். அந்த நீர் பட்டை வழியாக மெதுவாகவும், வெட்டுமுகத்தின் வழியாகவும் பிளந்த பக்கத்தின் வழியாகவும் விரைவாகவும் வெளியேறும். எனவே பிளந்த விறகு சீக்கிரம் உலரும். ஈர விறகை எரித்தால், நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகிறது, புகையும் மிகுகிறது. அந்தப் புகையை அடுப்படியில் உட்கார்ந்து சுவாசிப்பவர் வீட்டுப் பெண்கள். ஆகவே கோடையிலேயே ஒன்று அல்லது ஒன்றேகால் அடி நீளத்தில் துண்டாக்கிப் பிளந்து, கற்களின் மேல் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் கூரை போட்டு வைக்க வேண்டும்.

கைக்கருவியே முதலில்

மரம் வெட்டும் கோடாலி வேறு, விறகு பிளக்கும் கோடாலி வேறு. வெட்டும் கோடாலியின் அலகு மெல்லியது. அது கட்டையில் பதிந்து மாட்டிக்கொள்ளும். பிளக்கும் கோடாலியின் அலகு ஆப்புப் போலப் பின்புறம் தடித்திருக்க வேண்டும். ஊர்க் கொல்லரிடம் சொன்னால் அடித்துக் கொடுப்பார். இதனுடன் இரண்டு இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும் இருந்தால் பெருங்கட்டையையும் பிளந்துவிடலாம். ஒன்று சிக்கிக்கொண்டால் மற்றதை அடித்து எடுப்பதற்காகவே இரண்டு ஆப்பு. அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை விளிம்பு மலர்ந்துவிடும். அதைச் சாணை பிடித்து நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

சில்லறை விறகைப் பிளப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் கருவி வாங்கக் கடைக்குப் போவது ஆண்கள். 3 கிலோ எடையுள்ள கோடாலி ஆணுக்குச் சரி; அதையே பெண்ணின் தலையில் கட்டக் கூடாது. 2 கிலோவுக்கு உட்பட்டதாக, பிடி கைக்கு அடங்குவதாக, அவர்களே தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

நியூசிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, தன் தாயார் விறகு பிளக்கும்போது விரலில் காயப்பட்டதைக் கண்டு ஒரு சிறு கருவியை வடிவமைத்தார். அதில் அலகு மேல்நோக்கி நிலையாக நிற்கிறது. சுற்றிலும் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. வளையத்துக்குள் கட்டையை நிறுத்தி மேலே சுத்தியலால் அடித்தால் கட்டை பிளக்கிறது. கோடாலியை ஓங்க வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்தால் இது நம் அரிவாள்மணையின் தத்துவமேதான். லாரிப் பட்டையில் அலகு செய்து, பட்டறையில் வளையம் பற்றவைத்துக் கொள்ள அதிகம் செலவாகாது. சுத்தியல் அடி கட்டையில்தான் விழ வேண்டும், அலகில் விழக்கூடாது.

எந்திரம் வாங்குவோர் கவனிக்க

சவுக்கு, கருவேல் விறகு விற்பவர்கள், கருப்பட்டி காய்ச்சுவோர், டீக்கடை வைத்திருப்போர் ஆகியோருக்கு எந்திரம் பயன்படும். அவர்கள் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் எந்திரத்தையே வாங்கலாம். "எத்தனை டன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் சுமார் 12 டன் விசை கிடைக்கும். ஆனால் 2 குதிரைசக்தி மோட்டார் அந்த முழு விசையோடு தண்டை அரை மீட்டர் தள்ள 40 விநாடிக்குமேல் பிடிக்கும். டன் கூடினால் வேகம் குறையும். இரண்டும் வேண்டுமானால் பெரிய மோட்டார் வேண்டும். ஆகவே டன், மோட்டாரின் சக்தி, ஒரு முறை போய்வர ஆகும் விநாடி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கிராமங்களில் மின் அழுத்தம் குறையும் நேரத்தில் மோட்டாரை ஓட்டினால் காயில் கருகிவிடும். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து இணைப்பதும் கூடாது. பாசனத்துக்கென்று தரப்பட்ட இலவச மின் இணைப்பில் விறகு எந்திரத்தை மாட்டி, வில்லங்கத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

இரண்டு கைகளாலும் இரண்டு விசைகளைப் பிடித்தால்தான் அலகு நகர வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிட வேண்டும். இந்த அமைப்பு இல்லாத எந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று ஒரு விசையைக் கயிற்றால் கட்டி வைப்பதும், ஒருவர் கட்டையைப் பிடிக்க மற்றவர் விசையைத் தள்ளுவதும் விரலைக் காவு கொடுக்கும் காரியங்கள்.

திருகாணிபோலச் சுழலும் கூம்பு வைத்த எந்திரமும் விற்பனைக்கு வருகிறது. டிராக்டரிலோ மோட்டாரிலோ இணைத்து ஓட்டுவது. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, தோள் துண்டு, கையுறை எது பட்டாலும் ஆளையே இழுத்துச் சுருட்டிவிடும். சில சமயம் கட்டையும் கூம்போடு சேர்ந்து சுழன்று ஆளை அடிக்கும். பெண்களும் பிள்ளைகளும் நடமாடும் வீட்டு முற்றத்தில் இதற்கு இடமே இல்லை என்பது எமது உறுதியான கருத்து.

ஐந்து வீட்டுக்கு ஒன்று

முன்னே போட்ட கணக்கையே ஐந்து வீடுகளுக்குப் போட்டுப் பாருங்கள். கூலி கொடுத்துக் கோடாலியால் பிளந்தால் 16,000 ரூபாய். பொதுவாக ஓர் எந்திரம் வைத்துக்கொண்டால் தேய்மானம் 4,000, பராமரிப்பு 2,000, ஆள் கூலி 4,000, ஆக 10,000 ரூபாய். இரண்டு வீட்டுக்குக் கட்டாதது மூன்று வீட்டுக்குக் கட்டுகிறது. ஐந்து வீட்டுக்கு நல்ல லாபம். 2017-18-இல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட குழுக்களுக்குக் கருவிகள் வாங்க 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. கருவியைக் கூட்டாக வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. வேளாண் பொறியியல் துறையும், இரு கைப் பாதுகாப்புள்ள விறகு எந்திரங்களை வாடகைக்கு விடுவது பற்றி ஆலோசிக்க வேண்டும்.

கூட்டாக வாங்குவோர், எந்திரத்தை யார் ஓட்டுவது, பழுதானால் யார் பார்ப்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பழகிய ஒருவரே எல்லா வீட்டுக்கும் ஓட்டினால் விபத்து குறையும். அவருக்கும் கோடையில் சில நாள் கூலி நிச்சயம்.

தனி வீட்டுக்கு நல்ல கோடாலியும் இரண்டு ஆப்பும் போதும். எந்திரம்தான் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள்.