பிழையைப் பார்த்துச் சிரிக்கும் ஆசிரியர்

அண்மையில் ஓர் ஆசிரியர் பட்டறையில், ‘மைண்ட் யுவர் லேங்குவேஜ்’ என்னும் பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடரின் முதற்பகுதியைத் திரையிட்டார்கள். “மொழி வகுப்பென்றால் இப்படியன்றோ கலகலப்பாக இருக்க வேண்டும்!” என்றார் இளம் ஆசிரியர் ஒருவர். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். வீடு திரும்பித் தனியே மீண்டும் பார்த்தபோது அந்தச் சிரிப்பு வரவில்லை.

வின்ஸ் பவல் எழுதிய அத்தொடர் 1977 டிசம்பரில் இங்கிலாந்தில் தொடங்கியது. பிரவுன் என்னும் ஆசிரியர், அயல்நாட்டிலிருந்து வந்தோர்க்கு ஆங்கிலம் கற்பிக்க வருகிறார். மாணவர் ஒவ்வொருவரிடமும் பெயரும் நாடும் தொழிலும் கேட்கிறார். இத்தாலியர், இசுபானியர், சப்பானியர், சீக்கியர், பாகிஸ்தானியர் என்று வரிசையாக வாய் திறக்கிறார்கள். திறந்தவுடன் சிரிப்பொலி எழுகிறது. இனங்களை இழிவுபடுத்துகிறது என்று கருதி, 1979இல் அத்தொடரை நிறுத்தினார்கள். மாவோவின் சிவப்பு நூலும் கையுமாக வரும் சீனப் பெண்ணாக நடித்தவர் நம் பினாங்கில் பிறந்த பிக்சென் லிம் என்பதை இங்குப் பலர் அறியார்.

இனப் பழிப்பைப் பற்றிப் பிறர் நிறையப் பேசிவிட்டார்கள். என் வழக்கு வேறு. அஃது ஆசிரியத் தொழிலைப் பற்றியது.

பாகிஸ்தானியரான அலி ஆங்கிலத்தில் ‘விரும்புகிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஐ ஆம் வாண்டிங்’ என்கிறார். அவருடைய உருது மொழியில் அவ்வினை எச்சமும் துணைவினையுமாகவே அமையும். அந்த அமைப்பை ஆங்கிலச் சொற்களில் நேர்மையாகப் பெயர்த்து வைத்திருக்கிறார் அவர். சப்பானியரான தாரோ சொல்லின் இறுதியில் ஓகாரம் சேர்க்கிறார். தொடர் அதை அளவின்றிப் பெருக்கிக் காட்டுகிறது என்பது உண்மையே; ஆயினும் பெரும்பாலான மெய்யெழுத்துகளில் சப்பானியச் சொல் முடிவதில்லை, ஆகவே உயிரெழுத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். தமிழ்ச்சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. பஸ்ஸு என்றும் கப்பு என்றும் சொல்லும் நாம் தாரோவைப் பார்த்துச் சிரிப்பது எந்த முகத்தோடு?

கற்பவரின் பிழை அவர் மனத்தில் உருவாகிவரும் இலக்கணத்தின் தடயம் என்று பிட் கார்டர் 1967இலேயே எழுதினார். பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதித்தான் நாம் வேலைக்கு வந்தோம். பிரவுனோ அத்தடயத்தைப் பின்தொடர்வதே இல்லை. திருத்துகிறார், சலித்துக்கொள்கிறார், அடுத்தவரிடம் போகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. மாணவர்கள் கற்றுத் தேறிவிட்டால் தொடருக்குப் பிழைப்பு ஏது?

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. பணியில் சேர்ந்த புதிதில், ‘வாளப்பளம்’ என்று வாசித்த ஒரு தோட்டப்புறச் சிறுவனைப் போலவே நானும் சொல்லிக் காட்டினேன். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. என் வகுப்பு கலகலப்பானது என்று பெயரும் கிடைத்தது. அச்சிறுவன் அந்த ஆண்டு முழுதும் வாய்விட்டு வாசிக்கவில்லை. ஆண்டிறுதி அறிக்கையில் அவனைக் ‘கூச்ச சுபாவம் உடையவன்’ என்று என் கையாலேயே எழுதினேன்! அவன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் ஒலித்தார்கள் என்பதைக் கேட்டறிய எனக்குத் தோன்றவில்லை.

இன்றும் ஆசிரியர் அறையில் மாணவரின் கட்டுரைப் பிழைகளை உரக்கப் படித்து மகிழ்வோர் உண்டு. அவர்களைத்தான் கேட்கிறேன்: அப்பிழை ஏன் வந்தது என்று ஒருவரேனும் சொல்வீர்களா?

அந்த இளம் ஆசிரியர் மீண்டும் அப்பகுதியைத் திரையிடட்டும், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அலி பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் படத்தை நிறுத்தி, ‘இவர் ஏன் இப்படிச் சொன்னார்?’ என்று பயிற்சி மாணவரைக் கேட்கட்டும். இருபத்தைந்து நிமிடப் படம் முடிய ஒரு முழு நாள் ஆகலாம். ஆகட்டும்.