‘தகவலாளி’ என்னும் பட்டம் எங்களுக்குப் போதுமா?

மொழியியல் கள ஆய்வில் ‘தகவலாளி’ என்றொரு சொல் உண்டு. ஆய்வாளர் கேட்பார், தகவலாளி சொல்வார். ஆய்வேட்டின் அட்டையில் முன்னவர் பெயர் இடம்பெறும். பின்னவர் பிற்சேர்க்கையில் வயதாக, பாலினமாக, ஒரு வரிசை எண்ணாக எஞ்சுவார். முதுகலை பயின்ற நாள்களில் அச்சொல்லை நானும் கூச்சமின்றி எழுதியவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் தேவிகுளம் வட்டத்துத் தோட்டப் பெண்களின் உடல்நலம் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. திரையில் தோன்றிய லயத்தின் வாசலை நான் அறிவேன். அங்கே நின்றிருந்தவர் என் அத்தை. அவரது முதுகுவலியும் மூட்டுவலியும் அட்டவணையில் இருந்தன. அவர் பெயர் இல்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, “இம்முடிவுகளை அவர்களிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன். “அவர்களுக்கு இதெல்லாம் புரியுமா?” என்றே பதில் வந்தது. இப்பதிவு அந்தப் பதிலுக்கான மறுப்பு.

புரியுமா? 2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை நினைவுகூருங்கள். அன்றைய நாட்கூலி 232 ரூபாய். 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அதன் பொருளை எங்கள் பெண்களுக்கு எந்தப் பொருளியல் பேராசிரியரும் விளக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களே சாலையில் அமர்ந்தனர். ஒன்பது நாள் போராட்டத்தில் 20 விழுக்காட்டை மீட்டனர். அவ்வெழுச்சியின் பெயரே ஓர் ஆய்வுப் பொருள். ‘பொம்பிளை’ நம் பேச்சுத்தமிழ். ‘ஒருமை’ தமிழிலக்கணத்தில் எண்ணைக் குறிக்கும். ஒற்றுமை என்னும் பொருளில் மலையாளத்தில் அன்றாடம் புழங்கும். இரு மொழிகளின் எல்லையில் வாழ்பவர்களே ‘பொம்பிளை ஒருமை’ என்று பெயரிட முடியும். இத்தகைய பெயரைப் படைத்தவர்களுக்கா ஓர் அட்டவணை புரியாது?

அப்படியானால் மலையிலிருந்து ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு குறைவு? ‘ஆர்வமில்லை’ என்பது சோம்பலான விடை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். கல்வி வசதி பற்றிய பிரிவு 6 முதல் 12 வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசியது. பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளையைச் சட்டம் இயற்றியவர்கள் எங்கே கண்டார்கள்? கொழுந்துக் காட்டில்தான். அந்தக் கற்பனையின் எல்லையைத் தாண்டி வந்த ஒவ்வொருவரும் அம்மாவின் கூடுதல் கிலோக்களால் தாண்டியவர்கள்.

அதைத் தாண்டினால் அடுத்த தடை, காகிதம். பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அதற்கு முன்பே முன்னோர் இங்கே குடியேறியதற்குச் சான்று கொண்டுவா என்கிறார்கள். தேவிகுளம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 2021இல் அங்கு வென்ற அ. ராஜாவின் தேர்வு செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் கூறியது; 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கியது. சமயம் பற்றிய வாதத்தோடு, அவருடைய முன்னோர் எப்போது கேரளத்தில் குடியேறினர் என்பதும் அவ்வழக்கின் முக்கிய வினா. சட்டமன்ற உறுப்பினரே பாட்டனார் வந்த காலத்தை உச்சநீதிமன்றம் வரை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பதினேழு வயது மாணவி என்ன செய்வாள்?

இதில் ஒரு கொடிய முரண் உண்டு. 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்பதை அறிந்தே, அவர்களில் பலர் தோட்டங்களுக்கு வந்துபோகும் கூலிகள் என்று கருதி அப்பெரும்பான்மையின் எடையைக் குறைத்தது. எல்லையை மீண்டும் வரைய வேண்டும் என்பதன்று என் வாதம். அன்று நிலையற்றவர் எனப்பட்டோரின் பேரப்பிள்ளைகளிடம், அதே காலத்துக்கு நிலையான முகவரியைக் கேட்பது என்ன நீதி? இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் கேட்டதும் இதே வகைக் காகிதத்தைத்தான்.

‘யார் ஆராய்ந்தால் என்ன, அறிவு அறிவுதானே’ என்பார்கள். வெளியிலிருந்து வந்து நேர்மையாக எழுதியோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் நோயும் சாவும் அவர்களின் பிறவிக் குறை எனப் பேசப்பட்ட காலத்தில், டு பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டாரத்தில் குடியிருந்து, வீடு வீடாகச் சென்று கேட்டறிந்தார். 1899இல் வெளியான அவரது நூல் இருப்பிடத்தையும் வேலையையும் வறுமையையும் நோக்கி விரல் நீட்டியது. அவரை அப்பணியில் அமர்த்திய பல்கலைக்கழகமோ அவருக்கு வகுப்பறையைத் தரவில்லை. நம் பக்கத்திலும் சான்று உண்டு. பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ், தேயிலை நெருக்கடியில் சிதறும் தலித் வாழ்வைப் பற்றி 2022இல் நூல் வெளியிட்டார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனவர்களையும் சேர்த்து எழுபது உயிர்கள். செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. பெருமழை ஒரு காரணம். அந்தச் சரிவின் கீழ் ஓரறை வீடுகளில் யார் குடியமர்த்தப்பட்டிருந்தனர் என்பதை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த ஆய்வும் பாதி உண்மையே.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, எங்களிடம் எடுத்த தரவின் முடிவைத் தமிழில், லயத்து முற்றத்தில், வாய்விட்டு வாசித்துச் சொல்லுங்கள். இரண்டு, உங்களுக்காக மொழிபெயர்த்து, வழிகாட்டி, வினாத்தாள் நிரப்பிய எங்கள் இளைஞர்களின் பெயரை நன்றியுரையிலிருந்து ஆசிரியர் வரிசைக்கு நகர்த்துங்கள். மூன்று, தோட்டங்களின் பழைய பேரேடுகளை அரசே திரட்டிப் பாதுகாத்து, அவற்றைச் சான்றாக ஏற்கட்டும். அந்தச் சுமையைப் பள்ளிப் பிள்ளையின் தோளில் ஏற்ற வேண்டாம்.

அத்தையிடம் அக்கட்டுரையைத் தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே: “வலின்னு எழுதிருக்காங்க, சரி. எத்தனை கிலோ சுமந்தா வலிக்குதுன்னு எழுதலையா?” அட்டவணையில் அந்த நிரல் இல்லை. அதைச் சேர்க்கத் தெரிந்தவர் லயத்தில்தான் இருக்கிறார்.