ஸ்ட்ரீமர் இரண்டில் எது உசத்தி?



மிக்ஸி, கிரைண்டர் என்று அடுக்களைச் சாமான்களைப் பற்றியே இந்தப் பகுதியில் பேசிக் கொண்டிருக்கிறோம். "கூடத்துச் சாமானைப் பற்றியும் எழுதுங்களேன் அக்கா! வீட்டில் நல்ல ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கின்றன. அவர் ஸ்ட்ரீமர் வாங்க வேண்டும் என்கிறார். மலிவானது போதுமா, உசத்தியானது வேண்டுமா என்று இரண்டு மாசமாக வாக்குவாதம். நான் என்ன சொல்லட்டும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். பாட்டுப் பெட்டி ஆண்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிக் கொண்டால், கடைசியில் பில் மட்டும் நம் சமாசாரமாக வந்து நிற்கும்! ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரீமர் என்பது என்ன?

பெரிய மாயம் ஒன்றுமில்லை. இன்டர்நெட்டில் இருக்கும் பாட்டை வீட்டு வை-ஃபை வழியாக இழுத்து, ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. பாட்டு எண்களாக வருகிறது. அதை ஒலிக்குரிய மின்சாரமாக மாற்ற உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. அதை 'டாக்' என்பார்கள். உசத்திப் பெட்டி, மலிவுப் பெட்டி என்று கடைக்காரர் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சில்லைப் பற்றித்தான்.

"போனிலிருந்தே ப்ளூடூத்தில் பாடுகிறதே, இது எதற்கு?" என்று கேட்பீர்கள். ப்ளூடூத்தில் பாட்டு, போன் வழியாகத்தான் வரவேண்டும். போன் மணி அடித்தால் பாட்டு நின்று போகும். போனை எடுத்துக் கொண்டு அவர் ஆபீசுக்குக் கிளம்பினால், பாட்டும் கூடவே பஸ் ஏறிவிடும்! இன்னொரு தொல்லையும் உண்டு. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில். நம் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான். பாலைச் சுட வைக்கும்போது பாட்டு விட்டு விட்டு வருகிறதே, அதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஸ்ட்ரீமரில் அப்படியில்லை. பெட்டி தானே நேராகப் பாட்டை இழுத்துக் கொள்கிறது. போன் வெறும் ரிமோட் மாதிரிதான். 2013ல் ஸ்பாட்டிஃபை கொண்டு வந்த 'கனெக்ட்' என்ற ஏற்பாடு இப்படிப்பட்டதே. வை-ஃபையையும் 5 கிகா ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் மைக்ரோவேவ் தொல்லையும் போச்சு.

இரண்டு பெட்டிகளை எடுத்துக் கொள்வோம்

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போக வேண்டாம். 'வீம்' என்ற ஒரே கம்பெனியின் இரண்டு பெட்டிகளை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். ஒன்று 'ப்ரோ'. 2022ல் அமெரிக்காவில் 149 டாலருக்கு வந்தது. இன்னொன்று 'ப்ரோ பிளஸ்'. 2023ல் 219 டாலருக்கு வந்தது. நம் ஊரில் விலை வேறாக இருக்கும். கடையில் கேட்டுக் கொள்ளுங்கள். வித்தியாசம் மட்டும் மனசில் இருக்கட்டும்: 70 டாலர். கிட்டத்தட்ட பாதி விலை ஜாஸ்தி.

பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் ஒரே ஆப். இரண்டிலும் வை-ஃபை, ப்ளூடூத் உண்டு. ஒயர் செருகும் வசதியும் உண்டு. பெரிய வித்தியாசம், உள்ளே இருக்கும் டாக் சில்லு. பிளஸ்ஸில் இருப்பது ஏ.கே.எம். என்ற ஜப்பானியக் கம்பெனியின் உசத்திச் சில்லு. அளவுக் கருவியில் வைத்தால் அது நிச்சயம் நல்ல மார்க் வாங்கும். நம் காதில் வாங்குமா? அதுதான் கேள்வி.

இங்கே ஒரு சூட்சுமம். உங்கள் ஆம்ப்ளிபயரிலேயே ஆப்டிகல் ஒயர் செருகும் இடம் இருக்கிறதா என்று முதலில் பின்பக்கம் பாருங்கள். இருந்தால், பாட்டை எண்களாகவே அதற்கு அனுப்பிவிடலாம். மாற்றும் வேலையை ஆம்ப்ளிபயருக்குள் இருக்கும் சில்லே செய்து கொள்ளும். ஸ்ட்ரீமரின் சில்லுக்கு அப்போது வேலையே கிடையாது. வேலையில்லாத சில்லுக்கா 70 டாலர்?

காப்பிப் பரீட்சை

ஆம்ப்ளிபயரில் அந்த இடம் இல்லை, பழைய காலத்துச் செட் என்றால், காதால்தான் பரீட்சை செய்ய வேண்டும். இரண்டு காப்பிப் பொடிகளை எப்படி ஒப்பிடுவீர்கள்? ஒன்றில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டுவிட்டு, "ஆகா, இந்தப் பொடிதான் பிரமாதம்!" என்றால் சிரிக்க மாட்டார்களா? பாட்டில் அந்தச் சர்க்கரைதான் சத்தம். ஒன்று மற்றதைவிடத் துளி சத்தமாகப் பாடினாலும், காது அதைச் 'சத்தம் ஜாஸ்தி' என்று சொல்லாது. 'தெளிவாக இருக்கிறது, கனமாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். சத்தம் குறைந்தால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் போன்ற கீழ் ஒலிகளைக் காது சரியாக வாங்குவதில்லை. 1933லேயே பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதை அளந்து எழுதி வைத்தார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கடையிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இரண்டு பெட்டிகளையும் கேட்டு வாங்கி, ஒரே ஆம்ப்ளிபயரில் இரண்டு இடங்களில் செருகுங்கள். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். ஒரே பாட்டின் ஒரே பகுதியை இரண்டிலும் போட்டு, சத்தம் சமமாகும்வரை திருத்துங்கள். சர்க்கரை சமமாகிவிட்டது!

இனி டம்ளரை மறைக்க வேண்டும். கேட்பவர் திரும்பி உட்காரட்டும். மகனோ மகளோ காசைச் சுண்டி, பூ விழுந்தால் இது, தலை விழுந்தால் அது என்று மாற்றட்டும். எது பாடுகிறது என்று கேட்பவர் காகிதத்தில் எழுதட்டும். 10 தடவை. கண்ணை மூடிக் கொண்டு யூகித்தாலே சுமாராக 5 சரியாகும். 9 அல்லது 10 சரியானால்தான் காது உண்மையிலேயே கண்டுபிடிக்கிறது என்று நம்பலாம். யூகத்தில் அப்படி அமைவது 100க்கு ஒரு தடவைதான்.

வீட்டுக்காரர் 9 மார்க் வாங்கினால் சந்தோஷமாக உசத்தியையே வாங்குங்கள். 5, 6 என்று வந்தால் சண்டை வேண்டாம், காகிதமே பேசிவிடும். சீலிங் ஃபேன் சுற்றுகிற, குக்கர் விசில் அடிக்கிற கூடத்தில் பலருக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. மிச்சமாகும் பணத்தில் கூடத்துக்குக் கனமான திரைச்சீலையும் ஒரு ஜமக்காளமும் வாங்கிப் போடுங்கள். வெறும் சுவரிலும் மொசைக் தரையிலும் மோதித் திரும்பும் எதிரொலி குறைந்து, பாட்டு தெளிவதை எல்லோரும் கேட்கலாம். அதற்குப் பரீட்சையே வேண்டாம்.

பாட்டு வரும் வழியையும் பாருங்கள்

தண்ணீர் கலந்த பாலை வெள்ளிச் செம்பில் ஊற்றினாலும் அது தண்ணீர்ப் பால்தானே! 1982ல் வந்த ஸி.டி.யில் ஒரு வினாடிக்கு 1,411 கிலோபிட். ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் இதைச் சுருக்கி, நல்ல தரம் என்றால் 320 கிலோபிட்டில் அனுப்புகின்றன. எதையும் விட்டுவிடாமல் அனுப்புவதற்கு 'லாஸ்லெஸ்' என்று பெயர். ஆப்பிள் மியூசிக் 2021லிருந்து தனிக் கட்டணம் இல்லாமல் அப்படிக் கொடுக்கிறது. ஸ்பாட்டிஃபையும் 2025ல் சில சந்தாக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் சந்தா எதுவோ, அது அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடுமா, போன் வழியாகத்தான் அனுப்ப வேண்டுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். பிறகு ஆப்பில் தரத்தை உயர்த்தி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் குறைந்த தரத்திலேயே ஓடிக் கொண்டிருக்கும். பழி மட்டும் பெட்டிக்கு!

கணக்கும் பார்த்துவிடுவோம். 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்.பி. ஆகும். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் மாசத்துக்கு 13 ஜி.பி. லாஸ்லெஸ் என்றால் இதைவிட நிறையவே போகும். அளவில்லாத இணைப்பு இல்லாதவர்கள் கவனிக்க வேண்டும்.

பழைய பாட்டுப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 1963ல் எல்.பி. இசைத்தட்டாக வந்த எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதத்தில், அன்றைய மைக்கும் டேப்பும் எவ்வளவு பிடித்தனவோ அவ்வளவுதான் இருக்கும். எந்தச் சில்லும் அதற்கு மேல் சேர்க்க முடியாது. பக்தியும் குரலும் எந்தப் பெட்டியிலும் குறையாது! கச்சேரி கேட்பவர்கள் வேறொன்றைச் சோதியுங்கள். ஆலாபனை ஒரு துண்டு, கீர்த்தனை ஒரு துண்டு என்று பதிந்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது நடுவில் 'டக்'கென்று நின்று கிளம்பினால் ரசமே கெட்டுப் போகும். இது சில்லைவிட முக்கியம்.

பெட்டி யாருக்கு?

இதுவரை சொன்னதைவிட முக்கியமான கேள்வி இதுதான். வீட்டில் பகல் முழுக்க இருப்பது யார்? நாமும், பெரியவர்களும், பள்ளிக்குப் போகாத குழந்தைகளும். ஆனால் பெட்டியின் ஆப் இருப்பதோ வீட்டுக்காரர் போனில் மட்டும்! கண் மங்கிய மாமியார் காலையில் ஒரு ஸ்லோகம் கேட்கவும் மகன் கையை எதிர்பார்க்க வேண்டுமா?

முதல் நாளே ஆப்பை உங்கள் போனிலும் போட்டுக் கொள்ளுங்கள். அடிக்கடி கேட்பதைப் பதிந்து வைக்கும் வசதி பெட்டியில் இருக்கும், செய்து வையுங்கள். இந்த இடத்தில்தான் எனக்கு ப்ரோ பிளஸ் பிடிக்கிறது. அதோடு ரிமோட் சேர்ந்தே வருகிறது. ப்ரோவை ரிமோட் இல்லாமலும் விற்கிறார்கள். பாட்டி பொத்தானை அமுக்கினால் சுப்ரபாதம் என்றால், அந்த ரிமோட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. சில்லுக்காக அல்ல, ரிமோட்டுக்காக! ப்ரோவுக்குத் தனியாக ரிமோட் வாங்கினால் எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எத்தனை வருஷம் உழைக்கும்?

நல்ல ஆம்ப்ளிபயர் முப்பது வருஷம் உழைக்கும். ஸ்ட்ரீமர் அப்படியல்ல, அதன் உயிர் கம்பெனிக்காரர் கையில் இருக்கிறது. கூகுள் 2015ல் கொண்டு வந்த 'க்ரோம்காஸ்ட் ஆடியோ' என்ற சின்ன வட்டப் பெட்டியைச் செய்வதை 2019ல் நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில், உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகம் முழுக்க அந்தப் பெட்டிகள் சில நாள் ஊமையாகிவிட்டன. பிறகு சரி செய்தார்கள். பெட்டியில் ஒரு குறையுமில்லை; ஆனாலும் பாடவில்லை! அதனால்தான் சொல்கிறேன்: பணத்தை ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிபயரிலும் போடுங்கள். ஸ்ட்ரீமரை நாலைந்து வருஷத்துச் சாமானாக நினைத்து, அதற்கேற்ற விலையில் வாங்குங்கள்.

மின்சாரமா? ஸ்ட்ரீமர் 3 வாட் எடுக்கிறது என்று வைத்துக் கொண்டால், இரவு பகல் ஓடினாலும் மாசத்துக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். ஆம்ப்ளிபயரைச் சும்மா போட்டு வைத்தால்தான் நஷ்டம். பாடாமல் இருக்கும்போதே 30 வாட் எடுத்தால் மாசம் 21 யூனிட்டுக்கு மேல் போய்விடும். தூங்கப் போகும்முன் அணையுங்கள்.

குழந்தைக் காது

கடைசியாக, இளம் தாய்மார்களுக்கு. பாதுகாப்பாகக் கேட்க, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் வரம்பு சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கும் நேரத்தைப் பாதியாக்கிக் கொள்ள வேண்டும். சத்தம் சமமாக்க நீங்கள் போனில் போட்ட ஆப் இருக்கிறதே, அதைக் குழந்தை விளையாடும் இடத்தில் வைத்து ஒரு தடவை பாருங்கள். வீம் பெட்டிகளின் ஆப்பில் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி உண்டு. வைத்துவிட்டால், சின்னக் கை எதை அமுக்கினாலும் வீடு அதிராது. தொட்டிலை ஸ்பீக்கருக்கு எதிரே போடாதீர்கள்.

காப்பிப் பரீட்சையை இந்த ஞாயிற்றுக்கிழமையே நடத்திப் பாருங்களேன்! யார் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மாமியார்தான் முதல் மார்க் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்!