பட்டம் போதாது, பதில் சொல்லவும் தெரிய வேண்டும்

புது வீடு வாங்கியவர்களுக்கு சிசிசி என்ற சொல் நன்கு பழக்கம். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் சாவி கைக்கு வரும். முன்பு ஊராட்சி மன்றம் சிஎஃப்ஓ கொடுத்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அதற்குப் பதிலாக சிசிசி வந்தது. இதில் கையெழுத்திடுபவர், திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர். பொறுப்பு அதிகாரியிடமிருந்து தொழில் நிபுணரின் தோளுக்கு மாறிவிட்டது.

அந்தக் கையெழுத்து உரிமை பல்கலைக்கழகப் பட்டத்தோடு வந்துவிடுவதில்லை. 1967ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் சட்டப்படி, எல்ஏஎம் எனப்படும் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பட்டதாரியாகப் பதிந்து, குறைந்தது 2 ஆண்டுகள் வேலை அனுபவம் பெற்று, அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்து, மூன்றாம் பாகத் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. இதைக் கடந்தவருக்கே பெயருக்கு முன் 'ஆர்.' என்று போடும் உரிமை. கடக்காதவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும், அவர் வரைந்த திட்டத்தில் வேறொருவர்தான் கையெழுத்திடுவார்.

வாய்மொழித் தேர்வில் அழகான வரைபடம் கைகொடுக்காது. சாவி கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது, மேம்பாட்டாளர் அவசரப்படுத்துகிறார், தீயணைப்புத் துறையின் ஒப்புதல் கடிதம் இன்னும் வரவில்லை, என்ன செய்வீர்கள்? இத்தகைய சூழலுக்குச் சட்டம் தெரிந்த பதில் வேண்டும். முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்லும் துணிவும் அந்தப் பதிலில் தெரிய வேண்டும்.

இது வீண் கெடுபிடி அல்ல. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளான் ஹைலண்ட் டவர்ஸ் இடிந்து 48 பேர் மாண்டதை கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மறக்கவில்லை.

மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கமான பாம், மூன்றாம் பாகத் தேர்வுக்கான கருத்தரங்குகளை நடத்துகிறது. 1984ஆம் ஆண்டு கட்டட துணைச் சட்டங்கள், பாம் குத்தகை ஒப்பந்தம், வீடமைப்புச் சட்டம், தொழில் நெறி ஆகியவற்றை ஒழுங்காகப் படிக்க இவை உதவும். ஆனால், கருத்தரங்கில் நாம் கேட்பவர்கள், தேர்வில் பேசுபவர்கள். கேட்டு எழுதிய குறிப்பு, எதிரே மூத்த கலைஞர்கள் அமர்ந்து குறுக்குக் கேள்வி கேட்கும்போது தானாக வாயில் வராது.

வீட்டில் ஒரு கட்டடக் கலைஞர் இருந்தால், சாப்பாட்டு மேசையிலேயே இந்தப் பேச்சு பழகிவிடும். தோட்டப்புறத்திலிருந்தும் மலிவு விலை அடுக்குமாடியிலிருந்தும் வரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு குறைவு. குறை அறிவில் இல்லை, பழக்கத்தில்தான்.

இதற்குப் பெரிய மானியம் தேவையில்லை. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே நால்வர் சேர்ந்து, வாரம் ஒரு முறை ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம். கட்டுமானத் தளக் கூட்டங்களுக்கு அனுப்பும்படி மேலதிகாரியிடம் துணிந்து கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மண்டபம் வைத்திருக்கும் நம் இயக்கங்கள், தேர்ச்சி பெற்ற கலைஞர்களை அழைத்து மாதிரி வாய்மொழித் தேர்வு நடத்தலாம். எஸ்பிஎம் மாணவர்களுக்கு வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தும் நமக்கு இது புதிய வேலையல்ல.

பட்டமளிப்பு விழாப் படத்தோடு நம் பெருமை நின்றுவிட வேண்டாம். அந்தப் பிள்ளை தன் பெயரில் கையெழுத்திடும் நாள் வரை கூட நிற்போம்.