என்ஜின் எண்ணெயும் விரல் சோதனையும்

பெங்களூர்ச் சிவாஜிநகரின் உதிரிப்பாகக் கடைத்தெருக்களில் பிக்கப் வண்டியின் எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்து, “கறுத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்” என்று கூறுவோர் உண்டு. டீசல் என்ஜினின் எண்ணெய் கறுப்பது குற்றமன்று. புகைக்கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் கடமையே ஆகும். நிறத்தை நம்புவதால் காசு வீணாகும். உண்மையான கேடோ விரலுக்கு அகப்படாது. ஆய்வுக்கூடத்தில் சிலிக்கன் மிகுந்து காணப்பட்டால் தூசி புகுகிறது எனலாம்; செம்பும் ஈயமும் மிகுந்தால் பேரிங்கு தேய்கிறது எனலாம். அமெரிக்க ரயில்வேக்கள் 1940-களிலேயே கைக்கொண்ட இம்முறையை இந்திய ரயில்வேயின் டீசல் பணிமனைகளும் பின்பற்றி வருகின்றன. ஒற்றை வண்டியை நம்பிப் பிழைப்பவனுக்கு மட்டும் இது எட்டாதிருப்பது முறையன்று.

எண்ணெயைத் தெரிவு செய்வதில் விலை வழிகாட்டியாகாது. 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ்.6 விதியின்படி புகைக்கரி வடிகட்டி பொருத்திய வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே ஏற்றது. இன்றேல் வடிகட்டி அடைபடும். கையேட்டில் குறித்த தரமும் பாகுநிலையுமே போதும். ஆய்வுக்குரிய மாதிரியை என்ஜின் சூடாயிருக்கையில் எடுத்து, ஓடிய கிலோமீட்டரையும் உடன் குறித்தனுப்புதல் வேண்டும்.